உன் அம்மா வேகமாகப் பேசுகிறவள்

அன்புள்ள நளினிக்கு,

நீ பயப்பட வேண்டாம். டேப் ரிக்கார்டர் கெட்டுப்போகவில்லை. போனில் இதை மட்டும் சொல்லிவிட்டு, மற்றதைக் கடிதத்தில் எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். வெளிநாட்டுக் கால், உனக்கு வீண் செலவு என்று நினைத்து வைத்துவிட்டதாக நீ எண்ணியிருப்பாய். அது இல்லை காரணம். "நீங்களே கேளுங்கப்பா, எப்படித் தலைதெறிக்க ஓடுதுன்னு" என்று சொல்லி ரிசீவரைக் கொண்டுபோய் அந்த மெஷின் பக்கத்தில் வைத்தாய் அல்லவா, கேட்டேன். "அப்பா, லைன்ல இருக்கீங்களா" என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல வேண்டும் என்றும் தெரிந்தது. எதைச் சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. இன்று எனக்கு விடுமுறை. சாப்பிட்டுவிட்டு முன் அறையில் மின்விசிறிக்கு அடியில் மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மெதுவாகவே எழுதுகிறேன், நீயும் மெதுவாகப் படி.

முதலில் மிக்ஸியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து ஆசையாக எடுத்துக்கொண்டு போன மிக்ஸி அமெரிக்காவில் முக்கி முக்கிச் சுற்றுகிறது, தேங்காய்கூட அரைபடவில்லை என்றாய். உன் வீட்டுச் சுவரில் வருவது நூற்றுப் பத்து வோல்ட். நம் மிக்ஸி கேட்பது இருநூற்று முப்பது. அரை வயிற்றுக்குச் சோறு போட்டு முழு வேலை வாங்கினால் யாரால் முடியும். மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வாங்கச் சொல். அதுவரைக்கும் அதைத் தொடாதே, மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும். டேப் ரிக்கார்டருக்கு அந்தக் கவலையே இல்லை. அது அந்த ஊரில் பிறந்தது, உன்னைப் போல. இங்கேதான் அதற்கு ஒரு இரும்பு டிரான்ஸ்பார்மரைத் துணைக்கு வைத்து, கரண்டைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அங்கே நேராகச் சுவரிலேயே சொருகலாம். நீயும் அப்படித்தான் சொருகியிருக்கிறாய். சரியாகத்தான் செய்திருக்கிறாய். வேகமாக ஓடுகிறதே என்றால், அதுதான் அதன் வேகம். நீ போனில் எனக்குக் கேட்கவைத்தாயே, அதுதான் உன் அம்மா பேசும் வேகம்.

இதை எப்படிப் புரியவைப்பது என்று இரண்டு நாட்களாக யோசித்தேன். நம் நாட்டில் கரண்ட் ஒரு விநாடிக்கு ஐம்பது தடவை அலைந்து வருகிறது. அங்கே அறுபது தடவை. ஐம்பது சைக்கிள், அறுபது சைக்கிள் என்று மின்நிலையத்துக் கண்ட்ரோல் ரூம் ஆட்கள் நாங்கள் பேசிக்கொள்வதைச் சின்ன வயதில் கேட்டுவிட்டு, உங்க ஆபீஸில் அவ்வளவு சைக்கிள் இருக்கா என்று நீ கேட்டிருக்கிறாய். அந்த டேப் ரிக்கார்டரின் மோட்டார் இந்த அலையைப் பார்த்துத்தான் சுற்றும். வோல்டேஜை டிரான்ஸ்பார்மர் வைத்துச் சரிசெய்துவிடலாம், இதைச் சரிசெய்ய முடியாது. அறுபதுக்குப் பழகின மோட்டார் இங்கே ஐம்பதில்தான் சுற்றியது. டேப் மெதுவாக நகர்ந்தது. குரல் தணிந்து, கனத்து, ஒவ்வொரு வார்த்தையும் இழுபட்டு வந்தது. இத்தனை வருஷமும் நீ அம்மாவின் குரல் என்று கேட்டு வளர்ந்தது அந்தக் குரலை. கோமதி அப்படிப் பேசினவள் இல்லை.

அவள் எப்படிப் பேசுவாள் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. அம்பாசமுத்திரத்துப் பெண். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுவாள். காய்கறிக் கடையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால், நடுவே எதிர்வீட்டு நாய் வரும், அங்கிருந்து அவள் அப்பாவின் இருமலுக்குப் போய், உனக்குத் தைக்கிற சட்டைக்கு வந்து, திரும்பக் காய்கறிக் கடைக்கு வந்து நிற்பாள். நான் நிதானமான ஆள். "கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசு" என்பேன். "மூச்சு விட்டா மறந்துபோவும்லா" என்பாள். கோபமும் அதே வேகத்தில் வரும், அதே வேகத்தில் போகும். அந்தக் குளிர் ஊரில், ஜன்னலைத் திறக்கவே முடியாத அந்தச் சின்ன அபார்ட்மெண்டில் சத்தம் என்று இருந்ததெல்லாம் அவள்தான்.

டேப் ரிக்கார்டர் வாங்கியதும் அவள் ஆசைப்பட்டுத்தான். கடிதம் எழுதிக் கைவலிக்கிறது, பேசி அனுப்பினால் அம்மாவுக்கு என் குரல் கேட்குமே என்றாள். நீ பிறந்து தவழ ஆரம்பித்த சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினாள். பேசி முடித்தபிறகுதான், அம்பாசமுத்திரத்தில் இதைப் போட்டுக் கேட்க யாரிடம் மெஷின் இருக்கிறது என்ற யோசனை வந்தது. யாராவது ஊருக்குப் போகும்போது மெஷினோடு கொடுத்தனுப்பலாம் என்று வைத்திருந்தோம். அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. குளிர்காலத்துக் காய்ச்சல் என்றுதான் நானும் நினைத்தேன், டாக்டரும் நினைத்தார். மூளையில் ஏறிவிட்டது என்று தெரியும்போது அவளுக்கு நினைவு இல்லை. அங்கேயே தகனம் செய்தேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். நெய்வேலியில் அனல்மின் நிலையத்தில் வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எங்கே என்ன என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை, கிடைத்ததில் வந்து உட்கார்ந்தேன்.

நண்பர்கள் அங்கே வீட்டைக் காலிசெய்து, சாமான்களை ஒரு மரப்பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பினார்கள். அது சென்னைத் துறைமுகத்தில் இறங்கி லாரியில் நம் வாசலுக்கு வர மாதக்கணக்கில் ஆயிற்று. பெட்டியைத் திறந்தபோது பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லாம் வந்து நின்றார்கள், அமெரிக்கா சாமான் பார்க்க. எதிர்வீட்டு அம்மாள் நல்ல மனசோடு, நீங்க ஆண்பிள்ளை கஷ்டப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, கோமதி வாங்கிய அரைக்கும் மெஷினில் தேங்காயைப் போட்டு நேராகச் சுவரில் சொருகிவிட்டார். அது ஒரு கூச்சல் போட்டுப் புகைவிட்டு நின்றது. அந்த அம்மாள் அழாத குறை. போகட்டும் விடுங்க என்று நான் சொன்னேன். சமையலறையில் கருகின வாசனை போகவே நாளாயிற்று. அப்புறம் சுவர்க் கடிகாரம் ஒன்று, மின்சாரத்தில் ஓடுவது. அதை டிரான்ஸ்பார்மரில் மாட்டி, மணியைச் சரியாக வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அதைப் பார்த்து நிதானமாகக் குளித்துக் கிளம்பினால், ஷிப்ட் பஸ் போய் வெகுநேரமாகிவிட்டது. கரண்டோடு சேர்ந்து கடிகாரமும் மெதுவாக ஓடியிருக்கிறது. மின்சாரம் படித்தவன், எனக்கு அது தோன்றவில்லை. கண்ட்ரோல் ரூமில் ஒருத்தர், "சாருக்கு இன்னும் அமெரிக்கா டைம்தான் ஓடுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கே தெரிந்துவிட்டது, டேப் ரிக்கார்டரும் இப்படித்தான் ஓடப்போகிறது என்று. தெரிந்ததால் அதைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். போட்டுக் கேட்கத் தைரியம் இல்லை.

நீ அப்போது பேச்சே வராமல் இருந்தாய். இரண்டு வயது தாண்டியும் ஒரு வார்த்தை இல்லை. உன்னைப் பார்த்துக்கொள்ளத் தனம் வந்துகொண்டிருந்தாள், உன் தனம்மா. சுரங்கத்துக்கு நிலம் போன ஊர்க்காரி. அவள் புருஷன் கான்ட்ராக்டில் மண் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு முந்திரி மரங்கள் பக்கம் காட்டி, "அங்க பாரு, எங்க வூடு அங்கதான் இருந்துச்சு, இப்ப பள்ளமா பூட்ச்சு" என்று கதை சொல்வாள். நீ பார்ப்பாய், பேசமாட்டாய். ஒருநாள் அவள் என்னிடம், "ஐயா, கொயந்த யாரையோ தேடிக்கினே இருக்குதுங்க. அவங்கம்மா போட்டோ கீட்டோ காட்டறதுதான?" என்றாள். போட்டோ காட்டினேன். நீ அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாய். அன்று சாயங்காலம் டேப் ரிக்கார்டரை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

சுருள் சுற்ற ஆரம்பித்தது. "எம்மா, நான் கோமதி பேசுதேன். நல்லா இருக்கியளா?" மழையில் நனைந்த புடவை மாதிரிக் கனத்துப்போய் வந்தது அந்தக் குரல். அவள்தான், ஆனால் அவள் இல்லை. காரணம் தெரிந்திருந்தும் என்னால் தாங்க முடியவில்லை. அணைக்கப் போனேன். அதற்குள் நீ தனத்தின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி வந்து, ஸ்பீக்கர் துணியில் கன்னத்தை வைத்துக்கொண்டாய். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாய். "அம்மா" என்று நான் சொன்னேன். தனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எம்மாம் பொறுமையா பேசுது பாரு உங்கம்மா" என்றாள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அந்த மெஷின் நம் வீட்டில் ஒரு ஆளாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் நீ அதன் முன்னால் போய் உட்காருவாய். நீ பேச ஆரம்பித்ததும் அதைக் கேட்டுத்தான். ஒவ்வொரு வார்த்தையாக, இழுத்து, யோசித்து யோசித்துப் பேசினாய். உன் டீச்சர்கள் நளினி நிதானமான பெண் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். அம்மாவைப் போலவா என்று கேட்பார்கள். நீ பெருமையாகத் தலையாட்டுவாய். கோடைக்காலத்தில் ஊரெல்லாம் பம்புசெட்டும் மின்விசிறியும் ஓட, ஐம்பது சைக்கிளைப் பிடித்து நிறுத்த முடியாமல் கண்ட்ரோல் ரூமில் நாங்கள் தவித்துக்கொண்டிருப்போம். மீட்டர் முள் கீழே இறங்கும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் நீ வாசலிலேயே நின்று, "அப்பா, இன்னிக்கு அம்மா களைப்பா பேசுறாங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பாய். மீட்டரில் நான் பார்த்த இறக்கத்தை நீ அவள் குரலில் கேட்டிருக்கிறாய். "வெயில் இல்லையாம்மா, நாளைக்குச் சரியாயிடும்" என்பேன். மறுநாள் ஷிப்டில் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று நான் நினைத்தது ஊருக்காக மட்டும் இல்லை.

உனக்கு ஐந்து வயதிருக்கும்போது அம்பாசமுத்திரத்திலிருந்து கோமதியின் அம்மா வந்தார்கள். முழங்கால் வலியோடு, ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி வந்தார்கள். அந்த டேப் அவர்களுக்காகப் பேசியது. அவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் போட்டேன். நீ பக்கத்தில் நின்று, விருந்தாளிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி, "இப்ப அம்மா புளி பத்திச் சொல்லுவாங்க, இப்ப தாத்தா இருமல் பத்திக் கேப்பாங்க" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தாய். அவர்கள் கொஞ்ச நேரம் கேட்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ளே, அவ அப்பவே சொகமில்லாமத்தான் இருந்தாளா? எங்கிட்ட மறைச்சுட்டியளா? எம் பிள்ள இப்பிடிப் பேசமாட்டாளே" என்றார்கள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட், சைக்கிள், மோட்டார், எல்லாம். அவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் கண்ணில் அந்தக் கேள்வி போகவில்லை. மகள் பேசக்கூட முடியாமல் பேசியிருக்கிறாள் என்றே அவர்கள் நினைத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன், இதை எப்படியாவது சரிசெய்வது என்று.

வழி இருந்தது. டேப்பை இழுக்கும் தண்டு ஒன்று இருக்கிறது, விரல் அளவுகூட இல்லாத சின்ன உருளை. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் போகட்டும், அந்தத் தண்டைப் பெரிதாக்கிவிட்டால் ஒரு சுற்றுக்கு அதிக டேப் நகரும், கணக்கு சரியாகிவிடும். மெஷின் ஷாப்பில் ஞானமுத்து என்று ஒரு டர்னர் இருந்தார், என் நண்பர். தண்டின்மேல் மாட்ட ஒரு குழலுக்கு அளவு போட்டுக் கொடுத்தேன். அவ்வளவு மெல்லிய குழலைக் கடைவது சிரமம். பித்தளையில் ஒன்று செய்து, அது சரிவராமல் இன்னொன்று செய்து, சாப்பாட்டு நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். "என்ன சார் இது, மூக்குத்திக்கு மரையா?" என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் அவர் கேலி பேசவில்லை.

அடுத்த விடுமுறைநாள் அதை மாட்டினேன். நீ தனத்தோடு பின்பக்கம் விளையாடிக்கொண்டிருந்தாய். பொத்தானை அமுக்கினேன். கோமதி வந்துவிட்டாள். அதே வேகம், அதே அவசரம், மூச்சு வாங்கும் இடத்தில் வாங்காமல் தாண்டிப் போகிற அதே பேச்சு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பையைக் கீழே வைக்காமலே பேசுகிற மாதிரி. வருஷக்கணக்காக எதைக் கேட்காமல் இருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. உன்னைக் கூப்பிட்டேன்.

நீ ஓடிவந்தாய். வாசற்படியிலேயே நின்றாய். "இது யாரு?" என்றாய். "அம்மாதாம்மா. நல்லாக் கேளு, மெஷினை அப்பா ரிப்பேர் பண்ணிட்டேன். இதுதான் அம்மா" என்றேன். நீ கேட்டாய். உன் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "இல்ல. இது வேற யாரோ. அம்மா எங்க? அம்மாவை என்ன பண்ணினீங்க?" என்றாய். நான் அருகில் வந்தபோது தனத்தின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். அன்று முழுக்க நீ சாப்பிடவில்லை. அழுது அழுது ஓய்ந்து, "அம்மாவைத் திருப்பிக் கொண்டுவாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய். அம்மா செத்தபோது அழத் தெரியாத குழந்தை, அன்றைக்கு அதற்கும் சேர்த்து அழுத மாதிரி இருந்தது.

தனம் சமையலறை வாசலில் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும். அந்த அம்மா படபடன்னு பேசறவங்களாத்தான் இருந்திருப்பாங்க. ஆனா இதுக்கு இன்னா தெரியும்? இது பார்த்த அம்மா அந்த அம்மாதானுங்க" என்றாள். பிறகு, "எங்கூரு போன எடத்த இன்னிக்கு வந்து யாராச்சும் நெரவிக் குடுத்தாக்கூட எம் பசங்களுக்கு அது ஊரு இல்லீங்க. அதுங்களுக்கு இப்ப இருக்கற இந்த பிளாக்குதான் ஊரு" என்றாள்.

அந்தச் சாயங்காலமே பித்தளைக் குழலைக் கழற்றிவிட்டேன். டேப்பைப் போட்டேன். பழைய குரல் வந்தது. நீ மெல்ல வந்து ஸ்பீக்கரில் கன்னத்தை வைத்தாய். அப்படியே தூங்கிவிட்டாய். மறுநாள் குழலை ஞானமுத்துவிடம் திருப்பிக் கொடுத்தேன். "அளவு சரியில்லையா சார்?" என்று கேட்டார். அளவு சரியாகத்தான் இருந்தது என்றேன். வைத்திருந்தால், நீ ஸ்கூலுக்குப் போன நேரத்தில் நான் மட்டும் மாட்டிக் கேட்டிருக்கலாம். அந்த ஆசை வரும் என்று தெரிந்துதான் கொடுத்துவிட்டேன். உனக்கு ஒரு அம்மா, எனக்கு ஒரு கோமதி என்று ஒரே வீட்டில் இரண்டு பேரை வைத்துக்கொள்ள என்னால் முடியாது என்று பட்டது. கோமதியின் அம்மாவுக்குக் கேட்கவைக்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த கோடையில் அழைத்துவரலாம், அப்போது ஞானமுத்துவிடம் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். கோடைக்கு முன்னால் அவர்கள் போய்விட்டார்கள்.

வளர்ந்த பிறகு உன்னிடம் சொல்லியிருக்கலாம். பல தடவை வாய்வரை வந்தது. நீ காலேஜில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கி வந்து, "அம்மா மாதிரி நிதானமாப் பேசினேம்பா" என்று சொன்ன அன்றைக்கு எப்படிச் சொல்வேன். கல்யாணம் முடிந்து, எதை விட்டாலும் விடுவேன் டேப் ரிக்கார்டரை விடமாட்டேன் என்று நீ புடவைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு அதைப் பெட்டியில் அடுக்கியபோது, அங்கே போனதும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மீனம்பாக்கத்தில் சொல்லிவிட நினைத்தேன். உன் மாமியார், மாமனார், மாலை, கூட்டம். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்க் கையை ஆட்டினாய். நானும் ஆட்டினேன்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் உனக்கு என்னவெல்லாம் தோன்றும் என்று யோசித்துப் பார்க்கிறேன். இத்தனை நாள் கேட்ட அம்மா பொய்யா என்று தோன்றலாம். எனக்கும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. அந்த இழுபட்ட குரல் ஒவ்வொரு ஞாயிறும் ஓடும்போது, இது இல்லை, இது இல்லை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டுதான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். ஆனால் நீ போனபிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு எழுந்ததும் வீடு வெறிச்சென்று இருந்தது. மேஜையில் மெஷின் இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. எதைத் தேடுகிறேன் என்று நானே கவனித்தேன். எந்தக் குரலுக்காக ஏங்கிக்கொண்டிருந்தேனோ அதை இல்லை. "எம்மா, நான் கோமதி பேசுதேன்" என்று கனத்து வருமே, அந்தக் குரலைத்தான் தேடினேன். உன்னைப் பேசவைத்தது அது. உன்னைத் தூங்கவைத்தது அது. அமெரிக்காவில் இருந்த கோமதி என்னோடு இருந்தது கொஞ்ச காலம். நெய்வேலிக்கு வந்து நம்மோடு குடித்தனம் செய்தவள் இந்த மெதுவான கோமதி. அவளையும் ஒதுக்கிவிட முடியவில்லை. அவளை இனி நான் கேட்கப்போவதில்லை, அப்படி மெதுவாக ஓட இந்த ஊர்க் கரண்ட் வேண்டும், மெஷினோ உன்னிடம் இருக்கிறது. திருப்பி அனுப்பு என்று சொல்லமாட்டேன். அது அங்கேயே இருக்கட்டும்.

போனில் அவள் குரலைக் கேட்டதும் நான் பேச்சிழந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேட்டது என் மனைவியின் குரலாகத் தோன்றவில்லை. சின்னப் பெண்ணின் குரல் நளினி. உன் வயதுதான், ஒருவேளை உன்னைவிட ஒரு வயது குறைவாகக்கூட இருக்கும். எனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவள் அப்படியே நிற்கிறாள். புளி தீர்ந்துபோய்விட்டது என்கிறாள், பனியில் வழுக்கி விழுந்ததைச் சொல்கிறாள், அடுப்பைப் பற்றவைக்கப் பயந்ததைச் சொல்கிறாள், பகலெல்லாம் பேச ஆளில்லை என்கிறாள். அந்தப் பகல்களில் நான் ஆபீஸில் இருந்தேன். அவள் சொல்வதெல்லாம் என்னைவிட இப்போது உனக்குத்தான் புரியும். மாப்பிள்ளை வேலைக்குப் போனபிறகு, ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக இருக்கும்போது, அந்த டேப்பைப் போட்டுக்கொண்டு சமையல் செய். பழகுவதற்குச் சில நாட்கள் ஆகும். அம்மா என்று நினைத்துக் கேட்டால் மனசு ஒப்பாமல் போகலாம். அடுத்த வீட்டுக்குக் குடிவந்த நம் ஊர்ப் பெண் என்று நினைத்துக் கேள். அவளுக்கும் துணை வேண்டும். அவளைப் போல நீயும் படபடவென்று பேச வேண்டும் என்று இல்லை. உன் நிதானம் கரண்டால் வந்தது என்றாலும் இத்தனை வருஷம் வைத்துக் காப்பாற்றியது நீதான், அது உன்னுடையது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். டேப்பின் கடைசிப் பகுதியை நீ கேட்பதே இல்லை. பத்து வயதிருக்கும், ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "அம்மா அழறாங்க, எனக்கு வேண்டாம்" என்று பொத்தானை அமுக்கினாய். அது அழுகை இல்லம்மா, சிரிப்பு என்று சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நீ நினைத்தது உன் பார்வையிலேயே தெரிந்தது. அதற்கப்புறம் எப்போதும் அந்த இடம் வருவதற்கு முன்பே நிறுத்திவிடுவாய். உன்மேல் தப்பில்லை. மெதுவாக ஓடும்போது அது விம்முகிற மாதிரிதான் கேட்கும். உடனிருந்தவன் நான், எனக்கே சில நாள் சந்தேகம் வந்திருக்கிறது.

நடந்தது இதுதான். அவள் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, வத்தக்குழம்புக்கு எதை முதலில் போட வேண்டும் என்று அவள் அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய் வயரைப் பிடித்து இழுத்துவிட்டாய். மைக் கீழே விழுந்தது. அவள் குனிவதற்குள் நீ அதை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாய். கொடகொடவென்று ஒரு சத்தம் வரும், அது உன் எச்சில். "ஏட்டி, அதைத் திங்காத. ஆச்சிகிட்ட பேசணும்னா வாயில இருந்து எடுத்துட்டுப் பேசு" என்பாள். நீ மைக்கை எடுத்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி ஏதோ நீளமாகச் சொல்வாய், ஒரு வார்த்தைகூடப் புரியாது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்க, அதைப் பார்த்து நீ இன்னும் சொல்ல, உள் அறையிலிருந்து நான் "டேப் வீணாப் போகுது கோமதி, நிறுத்து" என்று சொல்வது கேட்கும். அவளால் பேச முடியவில்லை. எட்டிப் பார்த்த என்னைக் கையை ஆட்டிச் சும்மா இருக்கச் சொன்னாள்.

இந்தத் தடவை நிறுத்தாதே. சுருள் தீரும்வரை அவள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

உன் அப்பா